முதலில் அனுப்பியவர் யார்? செய்திச் செயலிகளின் பூட்டும் அரசு கேட்கும் அடையாளமும்

2018ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயில் வழிபாட்டுக்காக உறவினர்களோடு காரில் சென்ற அறுபது வயதைக் கடந்த பெண் ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்த கும்பல் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அதே நாட்களில் பழவேற்காட்டில் ஓர் ஆணும் இதே சந்தேகத்துக்குப் பலியானார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ராயின்பாடா என்ற சிற்றூரில் 5 பேர் கொல்லப்பட்டனர். இந்தக் கொலைகளுக்கு முன்பு அந்தந்தப் பகுதிகளில் வாட்ஸ்அப் வழியாகப் பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றிய வதந்திகள் பரவியிருந்தன.

'இந்த வதந்தியை முதலில் அனுப்பியது யார்?' என்று அப்போது எழுந்த கேள்வி நியாயமானது. இறந்தவரின் வீட்டார் அதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் அக்கேள்விக்கு விடை காண்பதற்காக 2021இல் இயற்றப்பட்ட விதி, வதந்தி பரப்பியவரை மட்டும் தொடுவதாக இல்லை. செய்திச் செயலியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் ஒவ்வொரு செய்தியையும் அது தொடுகிறது. இது எப்படி நிகழ்கிறது என்பதைத் தொழில்நுட்பப் பின்னணி இல்லாதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதைப் பற்றிய பேச்சில் இரண்டு தவறான எண்ணங்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. நம் செய்திகள் எல்லாம் நிறுவனத்திடம் படிக்கும் நிலையில் இருக்கின்றன, அது வீம்புக்காகத்தான் கொடுக்க மறுக்கிறது என்பது ஒன்று. அரசு இப்போதே எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறது, ஆகையால் இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மைக்குப் புறம்பானவை.

அட்டையும் உறையும்

என் பெரியப்பா அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது? பார்க்கட்டுமே' என்று அவர் ஒருமுறை சொன்னபோது, 'அப்படியானால் அந்தக் காலத்தில் எல்லோரும் அட்டையிலேயே எழுதியிருக்கலாமே, பெரியப்பா; உறை ஏன் வாங்கினார்கள்?' என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, வரன் பார்த்த சேதியையும் கடன் கேட்கும் சேதியையும் யாரும் அட்டையில் எழுதமாட்டார்கள் என்றார். அந்தரங்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. உறை வாங்கியவர்கள் குற்றவாளிகள் அல்லர். தங்கள் வீட்டுச் சேதி எவருக்குத் தெரியவேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்துகொண்டவர்கள்.

இணையத்தின் தொடக்க காலத்தில் நாம் அனுப்பிய பெரும்பாலான செய்திகள் அஞ்சலட்டைகளைப் போன்றவைதாம். நம் கணினியிலிருந்து புறப்பட்ட எழுத்துகள் வழியிலிருந்த ஒவ்வொரு கணினியிலும் படிக்கக்கூடிய நிலையிலேயே சென்றன. இன்றும் சாதாரண குறுஞ்செய்தி, அதாவது எஸ்.எம்.எஸ்., தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் படிக்கக்கூடிய நிலையிலேயே கடந்து செல்கிறது.

செய்தியைப் பிறர் படிக்க இயலாத வடிவத்துக்கு மாற்றி அனுப்புவதை மறையாக்கம் என்கிறோம். பலரும் என்கிரிப்ஷன் என்று சொல்வது இதைத்தான். இதில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். முதல் வகையில், செய்தி நம்மிடமிருந்து நிறுவனத்தின் கணினி வரை பூட்டப்பட்டுச் சென்று, அங்கே திறக்கப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டுப் பெறுபவரிடம் போகிறது; நடுவிலிருக்கும் நிறுவனம் விரும்பினால் படிக்கலாம். இரண்டாம் வகையில், அனுப்புபவரின் கைபேசியில் பூட்டப்படும் செய்தி பெறுபவரின் கைபேசியில் மட்டுமே திறக்கிறது. இதற்கு முனை முதல் முனை வரையான மறையாக்கம் என்று பெயர். சிக்னல் செயலி இவ்வாறு இயங்குகிறது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் தன் பயனர்கள் அனைவருக்கும் இதைக் கொண்டுவந்தது.

திண்டுக்கல் பூட்டு

இங்கே ஒரு புதிர் எழும். பூட்டினால் சாவி வேண்டும். சென்னையிலுள்ள ஒருவர் மதுரையிலுள்ள தம் தோழிக்குப் பூட்டிய பெட்டியை அனுப்பினால், சாவியையும் அனுப்பியாக வேண்டும். சாவியை வழியில் எவரேனும் படியெடுத்துக்கொண்டால் பூட்டியதற்குப் பயனில்லை. பல நூற்றாண்டுகளாக மறைமொழியைப் பயன்படுத்திய படைகளும் தூதரகங்களும் திணறியது இந்தச் சாவியை அனுப்பும் சிக்கலில்தான்.

1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை இதற்கு வழிகாட்டியது. அவர்கள் திறந்துவிட்ட பாதையை ஒரு திண்டுக்கல் பூட்டைக் கொண்டு விளக்கலாம். மதுரைத் தோழி கடைக்குப் போய் ஒரே மாதிரியான பூட்டுகள் நூறு வாங்குகிறார். அவை எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. சாவியைத் தம் முந்தானையில் முடிந்துகொண்டு, பூட்டுகளைத் திறந்த நிலையிலேயே ஊரெல்லாம் கொடுத்தனுப்புகிறார். அவருக்குப் பெட்டி அனுப்ப விரும்புபவர் எவரும் அந்தத் திறந்த பூட்டை எடுத்து அழுத்திப் பூட்டிவிடலாம். பூட்டுவதற்குச் சாவி தேவையில்லை. பூட்டியபின் அதைத் திறக்கப் பூட்டியவராலேயே இயலாது. தோழியின் முந்தானையிலுள்ள சாவியால் மட்டுமே அது திறக்கும். சாவி ஒருமுறைகூட ஊரைவிட்டு ஊர் போகவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கணினியில் அந்தத் திறந்த பூட்டுக்குப் பொதுச்சாவி என்றும், முந்தானையில் முடிந்த சாவிக்குத் தனிச்சாவி என்றும் பெயர். இரும்புக்குப் பதிலாக, ஒரு திசையில் செய்ய எளிதாகவும் எதிர்த்திசையில் அவிழ்க்கக் கடினமாகவும் உள்ள கணக்குகள் இந்தப் பூட்டைத் தாங்குகின்றன. 41ஐ 43ஆல் பெருக்கினால் 1,763 என்று ஒரு மாணவர் நொடியில் சொல்லிவிடுவார்; ஆனால் 1,763 எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று கேட்டால் தாளும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டியிருக்கும். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களை எடுத்துக்கொண்டால், உலகின் பெரிய கணினிகளும் அந்த இரண்டாவது கேள்வியின்முன் நின்றுவிடுகின்றன. இன்றைய செயலிகள் பயன்படுத்தும் கணக்கு இதனினும் வேறானது, எனினும் இயல்பு இதுவே. தனிச்சாவி நம் கைபேசிக்குள்ளேயே உருவாகி அங்கேயே இருக்கிறது. அதுவுமன்றி, ஒவ்வொரு செய்திக்கும் புதிய பூட்டு ஒன்று உருவாவதால், ஒரு செய்தியின் சாவி களவு போனாலும் பழைய செய்திகள் திறப்பதில்லை.

இதுவரை கண்டதைத் தொகுத்துக்கொள்வோம். முனை முதல் முனை வரையான மறையாக்கத்தில் சாவி பயனரிடம் இருக்கிறது, நிறுவனத்திடம் இல்லை. ஆகவே 'செய்தியைக் கொடு' என்று கேட்கும்போது நிறுவனம் மறுக்கிறது என்று சொல்வதைவிட, கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை என்று சொல்வதே சரி.

உறையின்மேல் இருக்கும் முத்திரை

ஆயினும் உறைக்கு வெளியே தெரிவது கொஞ்சமல்ல. பழைய கடிதத்தின் உள்ளடக்கம் தெரியாவிட்டாலும், அனுப்புநர், பெறுநர், எந்த ஊர் முத்திரை, எந்தத் தேதி என்பவை உறையின்மேலேயே இருக்கும். அதுபோல, யார் யாருக்கு, எப்போது, எத்தனை முறை செய்தி அனுப்பினார், எந்த எண்ணிலிருந்து, எந்த இணைய முகவரியிலிருந்து என்ற விவரங்களில் பலவற்றைச் செயலிகள் அறிந்துகொள்ள இயலும். செய்தியைப் பற்றிய இந்தச் செய்திகளை மீத்தரவு என்பார்கள். ஒருவர் நள்ளிரவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்தார் என்பது தெரிந்தால், அவர் என்ன பேசினார் என்பதைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. மீத்தரவின் வலிமையை நம்மில் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

மற்றொரு கசிவு காப்புப்படி. கைபேசி தொலைந்தால் மீட்டெடுப்பதற்காக உரையாடல்களை மேகக் கணினியில், அதாவது இணையவழிச் சேமிப்பகத்தில், சேமிக்கும்போது, அந்தப் படி தனியாகப் பூட்டப்படாவிட்டால் அங்கிருந்து படிக்க இயலும். வாட்ஸ்அப் 2021இல்தான் காப்புப்படிக்கும் மறையாக்கத்தைக் கொடுத்தது. அதையும் பயனரே அமைப்புகளில் சென்று இயக்க வேண்டும். திரைநட்சத்திரங்களின் உரையாடல்கள் தொலைக்காட்சியில் வெளியாகும்போது 'மறையாக்கம் பொய்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். கைப்பற்றப்பட்ட கைபேசியிலிருந்தோ பூட்டப்படாத காப்புப்படியிலிருந்தோ படித்தால், பூட்டை உடைக்கவேண்டிய தேவையே எழுவதில்லை.

சென்னையில் தொடங்கிய வழக்கு

சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று கோரி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. இணையத்தில் நடக்கும் அவதூறும் மிரட்டலும் அவற்றுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. விசாரணை நாளடைவில் ஆதாரைவிட்டு நகர்ந்து, வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்ற கேள்வியை நோக்கித் திரும்பியது. அப்போது சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியராகவும் பின்னர் அதன் இயக்குநராகவும் ஆன வி. காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் அதைத் தொடங்கியவரின் அடையாளத்தை இணைத்து அனுப்பலாம் என்று 2019இல் ஓர் அறிக்கை தந்தார். மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அம்முறையின் குறைகளை விளக்கி மறுப்பறிக்கை தந்தார். நாட்டின் இரு முன்னணிக் கல்வி நிறுவனங்களின் அறிஞர்கள் நீதிமன்றத்தின்முன் வெளிப்படையாக மாறுபட்ட அந்த விவாதம், இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள விவாதம் என்பது என் கருத்து. 2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

வழக்கு முடியும் முன்பே, 2021 பிப்ரவரி 25 அன்று ஒன்றிய அரசு புதிய தகவல் தொழில்நுட்ப விதிகளை அறிவித்தது. அவற்றின் 4(2)ஆம் விதி, இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட செய்திச் செயலிகள், ஆணை வந்தால் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வழிசெய்திருக்க வேண்டும் என்கிறது. அரசின் தரப்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பாலியல் வன்கொடுமை, குழந்தைகள்மீதான பாலியல் கொடுமை போன்ற கடுங்குற்றங்களுக்கே இந்த ஆணை பிறப்பிக்கப்படலாம். இதனினும் மென்மையான வழி இருந்தால் இதைப் பயன்படுத்தக் கூடாது. செய்தியின் உள்ளடக்கத்தைக் கேட்கவில்லை. இவை மூன்றும் விதியிலேயே இருக்கின்றன. படிப்பதற்கு இவை போதுமான வேலிகளாகத் தோன்றும்.

நாளைய ஆணைக்கு இன்றைய குறி

ஆனால் அந்த விதியை நிறைவேற்றுவது எப்படி என்று யோசித்தால்தான் உண்மை புலப்படும். அஞ்சல் துறையிடம் அரசு இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 'உறைகளைப் பிரிக்க வேண்டாம். ஆனால் நாளை ஏதேனும் ஒரு மொட்டைக் கடிதத்தைக் காட்டி, இதை முதலில் எழுதியவர் யார் என்று கேட்போம். அப்போது நீங்கள் சொல்ல வேண்டும்.' எந்தக் கடிதத்தைக் கேட்பார்கள் என்பது இன்று தெரியாது. ஆகையால் அஞ்சல் துறைக்கு இருப்பது ஒரே வழி: இன்றைக்கு வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அடையாளக் குறி இட்டு, எழுதியவர் பெயரோடு பதிவேட்டில் ஏற்றிவைக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையிலிருந்து காதல் கடிதம் வரை எதுவும் தப்ப முடியாது. ஆணை வருவது ஒருவர்மீது. குறி இடப்படுவது எல்லோர்மீதும். இந்த விவாதம் முழுவதிலும் நினைவில் கொள்ளவேண்டிய ஒரே செய்தி எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

நடைமுறையில் இரண்டு வழிகள் பேசப்பட்டன. செய்தியோடு அனுப்புநரின் அடையாளத்தை ஒட்டி அனுப்புவது ஒன்று. மற்றொன்று ஹாஷ் என்ற முறை. ஹாஷ் என்பது ஒரு செய்தியிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த குறுகிய அடையாளம். மனிதருக்குக் கைரேகை போலச் செய்திக்கு அது. ஒரே செய்திக்கு எப்போதும் ஒரே ஹாஷ் வரும்; ஹாஷிலிருந்து செய்தியைத் திரும்பப் பெற முடியாது. ஒவ்வொரு செய்தியின் ஹாஷையும் முதலில் அனுப்பியவரின் பெயரோடு சேர்த்துவைத்தால், வதந்தியின் ஹாஷைக் கணக்கிட்டுப் பட்டியலில் தேடலாம் என்பது யோசனை.

குற்றவாளியைப் பிடிப்பதில் இந்த வலை ஓட்டையானது. 'நாளை வா' என்பதற்கும் இறுதியில் ஒரு புள்ளி வைத்த 'நாளை வா.' என்பதற்கும் ஹாஷ் முற்றிலும் வேறானது. ஒரு காற்புள்ளியைச் சேர்ப்பவர், படத்தின் ஓரத்தைச் சற்று வெட்டுபவர், செய்தியைப் புதிதாகத் தட்டச்சு செய்பவர் எவரும் கணக்கில் புதிய 'முதல் அனுப்புநர்' ஆகிவிடுகிறார். தீய நோக்கம் உடையவர் மாற்றியமைக்கப்பட்ட செயலியையோ பிறர் பெயரில் வாங்கிய சிம் அட்டையையோ பயன்படுத்தினால், குறி அப்பாவி ஒருவரின் பெயரைக் காட்டும். அதைவிடக் கவலை தருவது விதியின் ஒரு துணைவாக்கியம். செய்தி வெளிநாட்டில் தொடங்கியிருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே முதல் அனுப்புநராகக் கருதப்படுவார். சிங்கப்பூரிலுள்ள மாமா அனுப்பிய ஒரு காணொளியை, 'இது உண்மையா என்று பார், அண்ணே' என்று கேட்பதற்காகத் தம் அண்ணனுக்கு அனுப்பிய தஞ்சாவூர்க்காரர் அந்தக் கருதுகோளுக்குள் வந்துவிடுவார். குற்றத்தைத் தொடங்கியவரும், பயந்துபோய்ச் சரிபார்க்க நினைத்தவரும் இந்தக் கணக்குக்கு ஒன்றே.

சுருங்கச் சொன்னால், செய்தியின் பூட்டை நேராக உடைக்காமலேயே, பூட்டின் பயனை இந்த விதி பறித்துவிடுகிறது. யார் எதைச் சொன்னார் என்பது பிறருக்குத் தெரியாது என்ற உறுதிக்காகத்தானே பூட்டு?

வங்கிப் பெட்டகத்தை உடைக்கலாமே?

'நீதிமன்றம் ஆணையிட்டால் வங்கிப் பெட்டகத்தையே உடைக்கிறார்கள், கைபேசிச் செய்தி அதைவிடப் புனிதமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பெட்டகம் ஒன்றை உடைத்தால் அந்த ஒரு பெட்டகம் மட்டுமே திறக்கிறது. பக்கத்திலுள்ளவை பூட்டியபடியே இருக்கின்றன. மேலும் உடைப்பதற்கு ஆள், கருவி, சாட்சி, நேரம் எல்லாம் வேண்டியிருப்பதால், ஆயிரம் பெட்டகங்களை ஒரே இரவில் சத்தமின்றி உடைக்க முடியாது. மென்பொருளில் வைக்கப்படும் கொல்லைவாசல் அப்படிப்பட்டதன்று. ஒருமுறை அமைத்துவிட்டால் அது எல்லா வீட்டுக்கும் கொல்லைவாசல். வாசலுக்கு உள்ளே வருபவர் காவலரா களவாளியா என்று பார்த்துத் திறக்கும் அறிவு எந்தக் கணக்குக்கும் கிடையாது.

இது வெறும் அச்சமன்று. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டிகளின் காலத்தில் தொடங்கி 2005 மார்ச் வரை, கிரேக்க நாட்டின் பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உள்ளிட்ட சுமார் 100 பேரின் கைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. வோடஃபோன் கிரீஸ் நிறுவனத்தின் இணைப்புக் கணினிகளில், சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்காக மென்பொருளிலேயே இருந்த வசதியை ஊடுருவியவர்கள் இரகசியமாக இயக்கிக்கொண்டார்கள். 2024இன் பிற்பகுதியில் அமெரிக்காவில் இதுவே பெரிய அளவில் வெளிப்பட்டது. சீனாவோடு தொடர்புடைய ஊடுருவிகள் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற ஆணைப்படியான ஒட்டுக்கேட்புக்குரிய அமைப்புகளையும் எட்டியிருந்தனர். அதுவரை வலுவான மறையாக்கத்தைப் பல ஆண்டுகளாகக் குறைகூறிவந்த அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் அதிகாரிகளே, மறையாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுரை கூற நேர்ந்தது.

அத்துமீறல் எங்கே தொடங்குகிறது?

அரசு எதையும் கண்காணிக்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. கொலையும் கடத்தலும் நடக்கும் நாட்டில் காவல் துறைக்குத் துப்பறியும் அதிகாரம் வேண்டும். அத்துமீறல் என்ற சொல்லை வசையாக வீசுவதைவிட, அதற்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த அளவுகோலை உச்ச நீதிமன்றமே தந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அதில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றாவதற்கு விகிதப்பொருத்தம் என்று பெயர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். தலையீட்டைச் சரிபார்க்கும் பாதுகாப்பு முறைகளும் இருக்க வேண்டும் என்பதைத் தீர்ப்பின் ஒரு பகுதி வலியுறுத்துகிறது.

இந்த இறுதி அம்சத்தில்தான் நம் நாட்டு ஏற்பாடு மிகப் பலவீனமாக இருக்கிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் இடமளித்தது. பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ தேவைப்படுத்தினால் மட்டுமே என்பது அதன் நிபந்தனை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலாளர் நிலையில் ஆணை பிறப்பிக்கப்பட்டு, மறுஆய்வுக் குழு ஒன்று அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று வரையறுத்தது. அந்தக் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலாளர்களே. நீதிபதி எவரும் இல்லை. மாதந்தோறும் ஒன்றிய அரசு மட்டும் 7,500 முதல் 9,000 வரை இத்தகைய ஆணைகளைப் பிறப்பிக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தெரியவந்ததை, தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறித்து ஆராய அரசு அமைத்த, நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018இல் தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 வரையான ஆணைகளைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்று அது கணக்கிட்டது. ஓர் ஆணைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், இரவு பகல் ஓயாமல் பத்து நாட்களுக்கு மேல் உட்கார வேண்டும்.

இணையத்துக்குரிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இதைவிட அகலமானது. பொது நெருக்கடி என்ற நிபந்தனை அதில் இல்லை. 'எந்தக் குற்றத்தையும்' விசாரிப்பதற்காகவும் கண்காணிக்கலாம் என்கிறது. முதல் அனுப்புநரைக் கேட்கும் ஆணையை நீதிமன்றமும் பிறப்பிக்கலாம், இந்தப் பிரிவின்கீழ் அதிகாரியும் பிறப்பிக்கலாம். எனவே நீதிபதியின் கண்ணில் படாமலேயே ஓர் ஆணை போய்ச்சேர இடமிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சரிசெய்துவிடும் என்று நம்புபவர்களுக்கு ஒரு தகவல்: ஒன்றிய அரசு தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களிக்க அச்சட்டமே அனுமதிக்கிறது.

சுதந்திரமான கண் ஒன்று பார்த்தால் என்ன நேரும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. லஞ்ச வழக்கொன்றில் தொடர்புடைய தொழில் நிறுவன நிர்வாகி ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணையை, 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கான வழக்கமான தேவையைப் பொது நெருக்கடி என்றோ பொதுமக்கள் பாதுகாப்பு என்றோ கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஒட்டுக்கேட்ட விவரங்கள் மறுஆய்வுக் குழுவின்முன் வைக்கப்படாததையும் அது சுட்டிக்காட்டியது. ஆணைக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 14 ஆண்டுகள். தம் தொலைபேசி கேட்கப்பட்டதையே அறியாதவர்கள் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

வதந்திக்கு வேறு மருந்து

அப்படியானால் போளூரில் இறந்தவருக்கு நியாயம் எங்கே என்ற கேள்வி நிற்கிறது. அவரை அடித்தவர்கள் பட்டப்பகலில், பலர் பார்க்க அடித்தவர்கள். அவர்களில் பலரைக் காவல் துறை கைது செய்ததற்கு எந்தச் செய்தியின் பூட்டும் தடையாக இருக்கவில்லை. வதந்தியின் வேகத்தைக் குறைக்கவும் பூட்டை உடைக்கத் தேவைப்படவில்லை. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப, அதாவது ஃபார்வர்ட் செய்ய, இயலாதபடி வாட்ஸ்அப் வரம்பிட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு முறைக்கு ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று இறுக்கியது. அதன்பின் அவ்வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. செய்தி எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கையைக் கைபேசியே வைத்துக்கொள்வதால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது எவருக்கும் தெரியவேண்டிய தேவை ஏற்படவில்லை. வதந்தியைப் பெற்ற ஒருவர் காவல் நிலையத்தில் தம் கைபேசியைக் காட்டினால், அவருக்கு அனுப்பியவரின் எண் அதிலேயே இருக்கும். அங்கிருந்து கைபேசி கைபேசியாகப் பின்னோக்கிச் செல்வது மெதுவான வேலைதான், ஆனால் அது சந்தேகத்துக்கு உள்ளானவர்களை மட்டுமே தொடும் வேலை.

4(2)ஆம் விதியை எதிர்த்து வாட்ஸ்அப் 2021 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 ஏப்ரலில் நடந்த விசாரணையில், மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் வாட்ஸ்அப் இந்தியாவைவிட்டுப் போய்விடும் என்று அதன் வழக்கறிஞர் தெரிவித்தார். அந்தரங்க உரிமை வரம்பற்றது அன்று, எங்கேனும் ஒரு சமநிலை காணத்தான் வேண்டும் என்று அமர்வு கருத்துத் தெரிவித்தது. இத்தகைய விதி வேறு எந்த நாட்டிலாவது இருக்கிறதா என்றும் நீதிபதிகள் கேட்டனர். உலகில் எங்கும் இல்லை என்று வழக்கறிஞர் பதிலளித்தார்.